நகரசபையும் பள்ளிப் பிள்ளைகளும்

நம்முடைய நகர மன்றக் கூட்டங்களில் பள்ளிக்கூடங்களைப் பற்றிய பேச்சே எழுவதில்லை என்று சொல்ல முடியாது. சுற்றுச்சுவர் இடிந்துவிட்டது, கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் ஒழுகுகிறது, பெஞ்சுகள் போதவில்லை என்றெல்லாம் கவுன்சிலர்கள் எழுந்து பேசுகிறார்கள். மேயரோ தலைவரோ பதில் சொல்கிறார். மதிப்பீடு தயாரிக்கும்படி தீர்மானம் நிறைவேறுகிறது. ஆனால், அந்தச் சுவருக்குள்ளே, அந்தக் கூரையின்கீழே, ஐந்தாண்டுக் காலம் வந்து அமர்ந்துவிட்டுப் போகும் பிள்ளை தாய்மொழியில் ஒரு பக்கத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை ஒருவர் உதவியுமின்றிப் போடுகிறதா, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரையில் வந்து சேர்ந்தார்கள், வந்து சேராதவர்கள் எந்தத் தெருவில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற கேள்விகளை ஓர் அங்கத்தினர் எழுப்பி, அவற்றுக்குக் கணக்கோடு பதில் பெற்றார் என்று நாம் கேள்விப்படுவது மிக அபூர்வம். கட்டடம் நகரசபையின் சொத்து, கல்வி மாநில அரசாங்கத்தின் இலாகா என்று ஒரு பாகப்பிரிவினை நம் மனத்தில் எப்படியோ நிலைபெற்றுவிட்டது. இந்தப் பாகப்பிரிவினைக்குச் சட்டத்திலும் ஆதாரமில்லை, சரித்திரத்திலும் ஆதாரமில்லை; நம் குழந்தைகளுக்கு அது நன்மை செய்யவும் இல்லை.

சரித்திரத்தை முதலில் பார்க்கலாம். 1920-ஆம் ஆண்டில், சென்னை நகரசபையின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியான வேளையில் சிற்றுண்டி அளிப்பதென்றும், அதன் செலவு பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாதென்றும் ஒரு தீர்மானத்தை மன்றத்தில் நிறைவேறச் செய்தார். பள்ளிக்கூடம் இருக்கிறது, உபாத்தியாயர் இருக்கிறார், பாடப் புத்தகமும் இருக்கிறது, ஆயினும் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வருவதில்லை. காரணம் என்னவென்று அந்தப் பேட்டைக்கே போய்ப் பார்த்தால் பசியைத் தவிர வேறொன்றும் இல்லை. இதைக் கண்டறிவதற்கு ஒரு விசாரணைக் குழுவோ இங்கிலாந்திலிருந்து வந்த நிபுணரோ அவசியப்படவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் சமீபத்தில் இருந்த ஒரு மன்றம், தான் நடத்தும் பள்ளிக்கு ஏன் ஆள் சேரவில்லை என்று சிரத்தையோடு யோசித்ததே போதுமானதாயிருந்தது. பிறகு அத்திட்டம் வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-ல் 811-ஆக இருந்த பிள்ளைகளின் தொகை, 1924-25-ல் 1,671-ஆக உயர்ந்தது என்று நகரசபையின் கணக்கு சொல்கிறது. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கு மேல்.

தொடக்கக் கல்விக்கென்று ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து பலகாரத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் தடை விதித்ததனால், 1925-ல் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. கல்வி நிதி என்றால் சம்பளம், கரும்பலகை, கட்டடம் இவையே. பிள்ளையின் வயிறு கல்வியில் சேராது என்பது தலைமைச் செயலகத்து வாதம். தூரத்திலிருந்து கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவருக்கும், பக்கத்திலிருந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சம்பவத்திலேயே துலக்கமாகத் தெரிகிறது. நகரசபை அன்று கண்ட உண்மையைக் காமராஜர் 1956-ல் மாகாணம் முழுவதற்குமான மதிய உணவுத் திட்டமாக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். 2001-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றிலும் சமைத்த உணவு அளிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. தேசம் முழுதும் கோடிக்கணக்கான குழந்தைகள் இன்று உண்ணும் அன்னத்துக்கு மூலம், ஒரு நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது என்பதை நம்முடைய கவுன்சிலர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அதே 1920-ல்தான் சென்னை ராஜதானியின் தொடக்கக் கல்விச் சட்டமும் பிறந்தது. உள்ளூர் ஸ்தாபனங்கள் தத்தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை அமலுக்குக் கொண்டுவரலாம், அதற்கென்று ஜனங்களிடம் கல்வி வரி விதிக்கலாம் என்று அது வழிவகுத்தது. இன்றைக்கும் நகரத்தில் வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்தும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்ற ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. செலுத்துகிறவர்களில் அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. கிராமப்புறத்தில் ஜில்லா போர்டுகள் நடத்திவந்த தொடக்கப் பள்ளிகள், அந்தப் போர்டுகள் கலைக்கப்பட்ட பின்னர் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 1981-ல் ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். அன்றுமுதல் பள்ளியின் பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்ற பெயர் நிலைத்ததே தவிர, ஒன்றியத்துக்கும் பள்ளியின் பாடத்துக்கும் இருந்த பந்தம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

அந்த மாறுதல் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஒன்றியத் தலைவருக்கு வேண்டாதவர் என்ற காரணத்துக்காக ஓர் ஆசிரியை இரவோடிரவாக நாற்பது மைல் தூரத்துக்கு மாற்றப்படுவதும், சம்பளம் மாதக்கணக்கில் தாமதப்படுவதும், தேர்தல் வந்தால் உபாத்தியாயர்கள் ஏவல் வேலைக்கு அழைக்கப்படுவதும் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாயிருந்தன. அந்த அவமானத்திலிருந்து ஆசிரியர் சமூகத்தை விடுவித்தது நியாயமான காரியம். அந்த நிலைமைக்குத் திரும்ப வேண்டுமென்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால், நியமனத்தையும் இடமாற்றத்தையும் உள்ளூர்க்காரர்களின் கையிலிருந்து எடுத்தபோது, பிள்ளை படிக்கிறதா என்று கேட்கும் கடமையையும் கூடவே எடுத்துவிட வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்ததற்காக அதிகாரம் பறிக்கப்பட்டது. அத்துடன் கடமையும் கேட்பாரற்றுப் போய்விட்டது.

சட்டம் அந்தக் கடமையை மீண்டும் உள்ளாட்சியின் தோளில் ஏற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 விஷயங்களுள் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளையும் சேர்த்தது. அதைவிட முக்கியமானது, 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் ஒன்பதாம் பிரிவை நம் கவுன்சிலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒரு முறையேனும் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் பதிவேட்டில் வைத்திருப்பது, ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேர்ந்து, ஒழுங்காக வந்து, எட்டாம் வகுப்பை முடிக்கிறதா என்று கண்காணிப்பது, பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது, தரமான கல்வி கிடைக்கச் செய்வது ஆகிய யாவும் உள்ளாட்சி அமைப்பின் கடமைகளென்று அது எழுதி வைத்திருக்கிறது. முப்பத்திரண்டாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் பிள்ளையின் கல்வி உரிமைக்குப் பங்கம் நேர்ந்ததென்று கருதும் பெற்றோர் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலமாக முறையிடலாம்; மூன்று மாதத்துக்குள் அம்முறையீடு விசாரித்து முடிக்கப்பட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கத் தெரிந்த நமக்கு, மூன்றாம் வகுப்பு வந்தும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று அதே மாநகராட்சியிடம் போய் நிற்கலாம் என்பது தெரியாமலே இருந்துவருகிறது.

ஒரு நகரசபை மனம் வைத்தால் பிள்ளைகளின் படிப்பையே உயர்த்திவிட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஏழைமையும் பெற்றோரின் படிப்பறிவின்மையும் பிள்ளையின் விதியை முன்பே நிர்ணயித்துவிடுகின்றன, ஒரு மன்றம் அதில் என்ன செய்துவிட முடியும் என்பது அவர்கள் எண்ணம். இதற்கு விடையாக லண்டன் மாநகரின் கிழக்கு மூலையில் உள்ள டவர் ஹாம்லெட்ஸ் என்ற வட்டாரத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கப்பல் துறைகள் மூடப்பட்டதால் வேலையிழந்த பழைய தொழிலாளிக் குடும்பங்களும், வங்காள தேசத்தின் சில்ஹட் பிரதேசத்திலிருந்து வந்து தையல் கடைகளிலும் சாப்பாட்டு விடுதிகளிலும் உழைத்த குடும்பங்களும் நெருக்கமாக வாழ்ந்த வட்டாரம் அது. கேனரி வார்ஃப் என்னும் பிரமாண்டமான வங்கிக் கோபுரங்கள் அதன் எல்லைக்குள்ளேயே எழுந்து நிற்க, அவற்றின் நிழல் விழும் வீடுகளில் இங்கிலாந்திலேயே மிக வறிய குழந்தைகள் வளர்ந்தார்கள். 1980-களில் இடமில்லை என்ற காரணத்தால் நூற்றுக்கணக்கான வங்காளக் குழந்தைகள் பள்ளியின் வாசலையே காணாமலிருந்தார்கள். லண்டன் உள்நகர்ப் பள்ளிகள் அனைத்தையும் நடத்திவந்த பொதுவான கல்வி அதிகார அமைப்பு 1990-ல் கலைக்கப்பட்டபோது, அனுபவமில்லாத அந்த வட்டார மன்றத்தின் கையில் பள்ளிகள் திடீரென்று வந்து விழுந்தன. 1997-ல் இங்கிலாந்தின் 149 கல்வி அதிகார அமைப்புகளை வரிசைப்படுத்தியபோது டவர் ஹாம்லெட்ஸ் 149-ஆவது இடத்தில் இருந்தது. பதினாறு வயதுப் பரீட்சையில் ஐந்து பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர். நாட்டின் சராசரியோ நாற்பதைத் தாண்டியிருந்தது.

அவ்வாண்டில் கல்வி இயக்குநராக வந்த கிறிஸ்டின் கில்பர்ட் அம்மையாரும், அவருக்குத் துணை நின்ற மன்றத்து அங்கத்தினர்களும் செய்த முதற்காரியம், ஏழைக் குழந்தைகளிடமிருந்து இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்ற சமாதானத்தை நிராகரித்ததாகும். நாட்டின் சராசரிக்குக் குறைவான எதையும் இலக்காக ஏற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். ஒவ்வொரு பள்ளியின் கணக்கையும், அதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர்களை அழைத்து உட்கார வைத்து, இந்தப் பிள்ளை ஏன் பின்தங்கியது, இதற்கு உங்கள் ஏற்பாடு என்ன, எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று விசாரித்தார்கள். திறமையற்ற தலைமையை மாற்றவும் தயங்கவில்லை. அதே சமயத்தில், வீட்டில் வங்காளி பேசும் பிள்ளைகளுக்காக அதே தெருக்களில் வாழ்ந்த பெண்களைத் தேடிப் பிடித்து, வகுப்பறை உதவியாளர்களாகப் பயிற்றுவித்து, அவர்களிற் பலரை ஆசிரியர் தொழிலுக்கும் உயர்த்தினார்கள்.

பள்ளிக்கு வராமலிருப்பதுதான் மிகப் பெரிய தடையாக இருந்தது. பள்ளி நடக்கும் மாதங்களிலேயே குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் புறப்பட்டுப்போய் வாரக்கணக்கில் தங்கிவிடும் வழக்கத்தைத் தண்டத்தினால் மட்டும் மாற்ற முடியாது என்று உணர்ந்து, கிழக்கு லண்டன் மசூதியின் பெரியவர்களோடு கலந்து பேசி, அவர்கள் வாயிலாகவே பெற்றோருக்கு எடுத்துச் சொல்லச் செய்தார்கள். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்ததன் பயனாக, கடைசியிலும் கடைசியாக இருந்த அந்த வட்டாரத்தின் பிள்ளைகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் சராசரியை எட்டி, பின்பு அதைக் கடந்தும் போனார்கள். ஏழைமை அங்கே தீர்ந்துவிடவில்லை; பிள்ளைகளும் வேறு பிள்ளைகள் அல்லர். 2014-ல் அந்த மன்றம் தன் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம் என்று அறிவித்தது. 2023-ல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதை விரித்து, இங்கிலாந்தில் அவ்வாறு செய்த முதல் வட்டாரம் என்ற பெயரைப் பெற்றது. தியாகராயரின் தீர்மானத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மன்றம் சிரத்தையோடு யோசித்தால் எந்த நூற்றாண்டிலும் எந்தக் கண்டத்திலும் இதே முடிவுக்குத்தான் வந்துசேரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே பணம் இருந்தது, நம்மிடம் இல்லையே என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். அதில் உண்மை உண்டு. இங்கிலாந்தில் பிள்ளை ஒன்றுக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் வட்டாரங்களுள் டவர் ஹாம்லெட்ஸ் ஒன்றாக இருந்ததை மறைக்க வேண்டியதில்லை; 2003-ல் லண்டன் முழுவதற்குமாக அரசாங்கம் தொடங்கிய பள்ளி மேம்பாட்டு இயக்கமும் அதற்குக் கைகொடுத்தது. ஆனால், பணம் ஏராளமாக இருந்தும் முன்னேறாத வட்டாரங்களும் இருந்தன. பணக்காரத் தேசத்து உதாரணமே வேண்டாமென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி மலப்புரத்தைப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 2001-ஐ ஒட்டி கேரளத்தில் மிகவும் பின்தங்கியிருந்த அந்த ஜில்லாவில், தகப்பன்மார் வளைகுடா நாடுகளில் உழைக்க, தாய்மார் தனியே குடும்பம் நடத்திவந்த வீடுகள் ஏராளம். ஜில்லா பஞ்சாயத்து ‘விஜயபேரி’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து, பள்ளி வேளைக்கு முன்னும் பின்னும் தனி வகுப்புகள் நடத்தி, தாய்மாரை அழைத்துப் பேசி, ஜில்லாவுக்கு இருந்த கெட்ட பெயரை மாற்றியது. அதன் பின் கேரளம் முழுவதிலுமே தேர்வு முறை மாறித் தேர்ச்சி விகிதம் உயர்ந்தபடியால், வந்த பெருமை முழுவதையும் பஞ்சாயத்துக்கே எழுதிவிடுவது நியாயமாகாது; ஆயினும், பிள்ளைகள் தவறிப்போவதைத் தன் அவமானமாக ஒரு ஜில்லா பஞ்சாயத்து கருதியது என்ற அந்த ஒன்றையே நான் முக்கியமாகக் கொள்கிறேன். பள்ளிகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததோடு நில்லாமல், 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாக நிதியையும் கேரளம் ஒப்படைத்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம்முடைய நகரங்களின் நிலைமை வேறு விதமாயிருந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நம் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. கொள்ளைநோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களும், கைபேசியில்லாத வீட்டுப் பிள்ளைகள் படிப்பை மறந்த மாதங்களும், பதின்மூன்று வயதுப் பையன்கள் பட்டறைக்கும் பதினாறு வயதுப் பெண்கள் மணவறைக்கும் அனுப்பப்பட்ட மாதங்களும் இந்தச் சூனியத்துக்குள்ளேயே வந்துபோயின. அந்தக் காலத்தில் ஒரு வார்டு அங்கத்தினர் இருந்திருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால், போகவில்லை என்று அவரைக் கேட்கவாவது நமக்கு ஒருவர் இருந்திருப்பார். இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று மாநில அரசு பின்னர் எடுத்த முயற்சிகள் பாராட்டத்தக்கவை. அவை இலாகாவின் வழியாக மேலிருந்து இறங்கி வந்தவை. நகரசபை அவற்றில் பங்காளியாகச் சேர்க்கப்படவில்லை. தானாக முன்வந்து சேரவும் இல்லை.

சென்னையைப் போல், மதுரையைப் போல், கோவையைப் போல் தன் பெயரிலேயே பள்ளிகளை நடத்தும் மாநகராட்சிகளுக்கு இதில் விசேஷப் பொறுப்பு உண்டு. சென்னையில் கல்விக்கென்றே மன்றத்தின் நிலைக்குழு ஒன்று இருக்கிறது. கல்வி அலுவலர் இருக்கிறார். நகரத்தின் எல்லை 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் பள்ளிகள் பத்தாண்டுகளுக்கு மேலாக மாநகராட்சிக்கு வெளியே வேறு நிர்வாகத்தில் இருந்துவந்ததும், பின்னரே அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டதும், குப்பைக்கும் சாக்கடைக்கும் அளித்த முன்னுரிமையைப் பள்ளிக்கு நாம் அளிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. கூவம், அடையாறு ஆகிய நதிகளின் கரைகளிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்திக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய வேலை, பல முறை பள்ளி ஆண்டின் நடுவிலேயே நடந்திருக்கிறது. நேற்று வரையில் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் பள்ளிக்குப் போன பத்தாம் வகுப்புப் பெண், பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் இருபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அதே பள்ளிக்கு வர வேண்டும். அல்லது படிப்பை நிறுத்த வேண்டும். வீட்டை ஒதுக்குவது ஒரு வாரியம், நதிக்கரையைச் சுத்தம் செய்வது ஒரு துறை, பஸ் விடுவது ஒரு கழகம், பள்ளியோ இன்னொருவர் கையில். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்து, இந்தத் தெருவில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இத்தனை பேர், மே மாதம் வரையில் இவர்களை அசைக்கக் கூடாது என்று சொல்லும் தகுதி, சட்டப்படி அந்தக் குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டிய நகரசபையைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது?

பிள்ளையின் படிப்பு வகுப்பறையில் மட்டும் நடப்பதன்று என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டுப் பிள்ளைக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புத்தகத்தை விரித்து உட்கார ஓர் இடம் வேண்டும். பள்ளியின் ஓர் அறையை எட்டரை மணி வரையில் விளக்கோடும் குடிநீரோடும் திறந்துவைத்து, அந்த வார்டிலேயே கல்லூரியில் படிக்கும் இரண்டு பேருக்குச் சொற்ப ஊதியம் கொடுத்து உட்கார வைப்பதற்கு ஒரு மாநகராட்சிக்கு ஆகும் செலவு, ஒரு பூங்காவின் நீரூற்றுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். நூலகமும் அப்படியே. 1948-ல், சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக நூலகச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் ஜனங்களிடமிருந்து உள்ளாட்சிகளே வசூலிக்கின்றன. அந்தப் பணத்தைக் காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தி, கிளை நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அலமாரி நிறையப் புத்தகமும் தரையில் ஒரு ஜமக்காளமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மன்றத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதா?

ஆனால், இலக்கு வைக்கும்போது ஒரு ஜாக்கிரதை அவசியம். தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு பள்ளிகளை விரட்டினால், சோர்ந்த பிள்ளையைத் தூக்கிவிடுவதற்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிற பாவம் நடக்கும். நூற்றுக்கு நூறு என்று பலகை வைத்த எத்தனையோ பள்ளிகளில், அந்த நூறுக்குள் வராமல் முன்பே விலக்கப்பட்டவர்கள் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகையால், பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், ஆறாம் வகுப்பில் சேர்ந்த எல்லோரிலும் எத்தனை பேர் பரீட்சை எழுதும் வரையில் நிலைத்தார்கள் என்று மன்றம் கேட்க வேண்டும். ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் விசாரணையாக அது மாறிவிடவும் கூடாது. ஒரு பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்ற உண்மை வெளியில் வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த இருவர் அல்லர். பெற்றோர் நான்கில் மூன்று பங்கும், பெண்கள் பாதியும் இருக்க வேண்டுமென்று சட்டம் விதித்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளூர் அங்கத்தினர் ஒருவர் அமர்ந்திருப்பது, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்திப் போவதற்கல்ல. அங்கே ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொல்லும் குறையை மன்றத்தில் உரக்கச் சொல்வதற்கு.

இதற்கெல்லாம் புதிய சட்டமோ சட்டத் திருத்தமோ வேண்டியதில்லை. வருஷந்தோறும் வரவு செலவுத் திட்டம் வருவதற்கு ஒரு மாதம் முன்பாக, ஒவ்வொரு மாநகராட்சியின், நகராட்சியின் கல்விப் பொறுப்பாளர்களும் வார்டுவாரியாக ஓர் அறிக்கையை மன்றத்தின் மேசையில் வைக்கும்படி ஒரு தீர்மானம் நிறைவேறினால் போதும். வார்டில் வசிக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர், மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது சரளமாக வாசிக்கிறவர்கள் எத்தனை பேர், ஆறிலிருந்து பத்து வரையில் நிலைத்தவர்கள் எத்தனை பேர், ஆசிரியர் இடங்கள் எத்தனை காலி, முப்பத்திரண்டாம் பிரிவின்கீழ் வந்த முறையீடுகள் எத்தனை, அவற்றில் தீர்க்கப்பட்டவை எத்தனை என்று அவ்வறிக்கை சொல்லட்டும். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வர வேண்டாம். அதன் ஒரு பிரதியை வார்டு அலுவலகத்தின் சுவரில், சொத்து வரிப் பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஒட்டிவைக்கட்டும். கல்வி வரி செலுத்துகிற குடிமகனுக்கும், பிள்ளையை அனுப்புகிற தாய்க்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அந்த எண்களைப் பற்றிக் கேட்கவும் உரிமை உண்டு.